கண்ணைச் சுற்றிக் கறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பார்வையை

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு நேற்று மாலை தெருவில் கிரிக்கெட் ஆடும்போது டென்னிஸ் பந்து இடது கண்ணில் பட்டுவிட்டது. இரவு கொஞ்சம் வீங்கியிருந்தது. காலையில் கண்ணைச் சுற்றிக் கருநீலமாகி, இமை பாதி மூடிக்கிடக்கிறது. "நன்றாகத்தான் தெரிகிறது" என்கிறான். மாமியார் புளியும் உப்பும் மஞ்சளும் சேர்த்துப் பற்றுப் போடச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். எதைப் போடுவது? இந்தக் கறுப்பு எத்தனை நாளில் போகும்?

பதில்:

பற்றும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். கறுப்பு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். ஆனால் பையனை இன்றே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். "நன்றாகத்தான் தெரிகிறது" என்ற அவன் வாக்குமூலத்தை நான் நம்பமாட்டேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், அவனுக்கே தெரியாது. தெரிந்தாலும், நாளைய ஆட்டத்துக்கு விடமாட்டார்கள் என்ற பயத்தில் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

கண் காயத்தோடு வருபவர்கள் எல்லோரும் கறுப்பைக் காட்டித்தான் பேசுகிறார்கள். எங்கள் கவலையோ அதற்குப் பின்னால் இருக்கும் விழியைப் பற்றியது. இமை முழுதாக மூடிக்கொண்டுவிட்டால் வீட்டில் எதையும் பார்க்க முடியாது. ஆகவே பாதி திறந்திருக்கும் இப்போதே, ஒத்தடத்துக்கும் முன்னால், சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுவரில் தினசரி கிழிக்கும் காலண்டர் இருந்தால் அதற்கு எதிரில் பையனை உட்கார வையுங்கள். கண்ணாடி போடுகிறவனாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். முதலில் பெரிய தேதி எண். பிறகு, அருகில் வந்து, கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம், எமகண்டம். அதே தூரத்தில் மற்றக் கண்ணாலும் படிக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, எழுத்து மங்கினாலோ, புகை மூட்டமாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைந்தாலோ, இதற்கு மேல் படிக்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள்.

இமையைத் தூக்க வேண்டியிருந்தால் விரலை இமையின் நடுவில் வைக்கக் கூடாது. புருவ எலும்பின் மேல் விரலை வைத்து, தோலை எலும்போடு சேர்த்து மேலே இழுங்கள். விழியின் மேல் எள்ளளவும் அழுத்தம் படக் கூடாது. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அடியில் விழி கிழிந்திருந்தால் வெளியிலிருந்து கொடுக்கும் சிறு அழுத்தமே உள்ளிருப்பதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். எளிதில் திறக்கவில்லையா, விட்டுவிடுங்கள். அதுவே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

திறந்ததும் கைபேசியின் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து காட்டிப் பாருங்கள். இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் வட்டமாக இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகவோ, ஒரு பக்கம் இழுபட்டுக் கண்ணீர்த்துளி வடிவிலோ இருந்தால் அது அவசரம். அடுத்து, கருவிழிக்குள் கீழ்ப்பகுதியில் சிவப்பாக ஒரு மட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். விழியின் முன்னறையில், அதாவது கருவிழிக்கு உள்ளே நீர் நிறைந்த இடத்தில், கசிந்த இரத்தம் பையன் உட்கார்ந்திருந்தால் கீழே தேங்கி அப்படித்தான் நிற்கும். படுத்திருந்தால் கலைந்து பரவிவிடும். அதனால்தான் பையனை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். இது சும்மா விடக்கூடிய காயம் இல்லை. அடுத்த ஐந்து நாளுக்குள் மறுபடி கசிந்து, கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுத்துவிடக்கூடும்.

வெண்விழியில் திட்டாக இரத்தச் சிவப்புத் தெரிந்தால் பலரும் அதைப் பார்த்துத்தான் அலறுகிறார்கள். பார்வை சரியாக இருந்து, திட்டு தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். வெண்விழி முழுக்கச் சுற்றிலும் சிவந்து பலூன்போல் உப்பியிருந்தால் மட்டும் கதை வேறு, அதற்குக் கீழே விழி கிழிந்திருக்கலாம்.

இனி, தலையை அசைக்காமல் உங்கள் விரலைப் பார்வையால் பின்தொடரச் சொல்லுங்கள்: மேலே, கீழே, இடம், வலம். விரல் இரண்டாகத் தெரிகிறதா? மேலே பார்க்கும்போது வலிக்கிறதா? இடது கன்னம், மேலுதடு, மேல் பல்லீறு மரத்துப்போயிருக்கிறதா? கண்குழியின் தரை மெல்லிய எலும்பு. அதன் வழியாகக் கன்னத்துக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் இந்த மூன்றும் ஒன்றாகவோ தனித்தனியாகவோ வரும்.

உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளிடம் இதில் ஒரு விபரீதம் உண்டு. இளம் எலும்பு முழுதாக உடைவதில்லை. கதவுபோல் திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். வெளியே கறுப்பும் இருக்காது, சிவப்பும் இருக்காது. பையன் மேலே பார்க்க மறுப்பான், வாந்தி எடுப்பான், மயக்கமாக இருக்கிறது என்பான், நாடி குறையும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலும், தலையில் அடி என்று சில நேரம் மருத்துவமனையிலும் நினைத்துவிடுவார்கள். தசை நசுங்கிச் சாகும் முன், ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து விடுவிக்க வேண்டும். கறுப்பின் அளவை வைத்துக் காயத்தின் அளவைக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்னொன்று, மூக்கைச் சிந்த விடாதீர்கள். கண்குழியின் உள்பக்கச் சுவர் காகிதம்போல் மெல்லியது. அதற்கு அடுத்து மூக்கின் காற்றறைகள். அங்கே விரிசல் இருந்து மூக்கைச் சிந்தினால் காற்று இமைக்குள் ஏறும். சிந்திய மறுகணம் இமை குபுக்கென்று உப்பி, தொட்டால் உள்ளே நறநறவென்று உணரப்படும்.

டென்னிஸ் பந்துதானே, மெத்தென்றுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். கண்குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம். கிரிக்கெட்டின் கெட்டிப் பந்து 7 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட; அடியின் பெரும்பகுதியைப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் வாங்கிக்கொள்ளும். டென்னிஸ் பந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் மோதும்போது நசுங்கி, முன்பகுதி கண்குழிக்குள் பிதுங்கி விழியையே இடிக்கும். இறகுப்பந்தின் கார்க் இன்னும் சிறியது, நேராக உள்ளேயே போய்விடும். கிட்டிப்புள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கெட்டிப் பந்தானால் எலும்பு காப்பாற்றும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு டாக்காவில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில், அனில் கும்ப்ளேயின் பந்து வலது கண்ணில் பட்டு விக்கெட் கீப்பர் சபா கரீமின் ஆட்ட வாழ்க்கையே அத்தோடு தேய்ந்துபோனது. 2012-இல் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சருக்குக் கண்ணில் பட்டது பந்துகூட இல்லை, ஸ்டம்பிலிருந்து தெறித்த பெயில். அதன் பிறகு அவர் நாட்டுக்காக ஆடவில்லை.

சரி, கறுப்புக்கு வருவோம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான். அதற்கடியில் கொழுப்பு இல்லை, தளர்ந்த சவ்வுதான். தொடையில் கசிந்தால் வெளியே தெரியாத அளவு இரத்தம், இங்கே கசிந்தால் மையொற்றும் தாளில் மை பரவுவதுபோல் பரவி, மெல்லிய தோல் வழியே அப்பட்டமாகத் தெரியும். காலையில் எழுந்ததும் வீக்கம் கூடியிருப்பதற்குக் காரணம் இரவெல்லாம் தட்டையாகப் படுத்திருந்ததுதான். இரண்டு மூன்று நாளில் கறுப்பு கன்னத்துக்கு இறங்கும், சிலருக்குத் தாடைவரைகூட. "பரவுகிறதே" என்று பதற வேண்டாம். இரத்தம் கனத்தால் கீழிறங்குகிறது, அவ்வளவே.

நிறம் மாறுவதும் அப்படித்தான். இரத்தத்தின் சிவப்புப் பொருளை உடம்பு சிதைக்கும்போது முதலில் பச்சைநிறப் பொருளாகவும், பிறகு மஞ்சள்நிறப் பொருளாகவும் ஆகிறது. இந்த மஞ்சள் காமாலையில் கண்ணில் ஏறும் அதே மஞ்சள். மிச்சமாகும் இரும்பு பழுப்பாகக் கொஞ்ச நாள் தங்கும். சிவப்பு, கருநீலம், பச்சை, மஞ்சள் என்று நூல்களில் வரிசையாக எழுதியிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் பச்சை பெரும்பாலும் கண்ணுக்கே படாது. கருநீலம் மங்கிப் பழுப்பாகும், அந்தப் பழுப்பு வாரக்கணக்கில் நிற்கவும் செய்யும். அதைப் போக்குகிறேன் என்று சிவப்பழகு கிரீம் எதையும் இமையில் தடவாதீர்கள்.

இப்போது பற்றுக்கு வருகிறேன். புளி, உப்பு, மஞ்சள் மூன்றையும் கரைத்துக் காய்ச்சி இளஞ்சூட்டில் போடும் பற்று, கணுக்கால் சுளுக்குக்கும் முழங்கை வீக்கத்துக்கும் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது. காலில் போட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். கண்ணருகில் போட்டால் காய்ந்து உதிரும்போது புளியும் உப்பும் கண்ணுக்குள் விழும். கருவிழியில் ஏற்கெனவே சிராய்ப்பு இருந்தால் அதன் கதி என்ன? மூசாம்பரத்தை, அதாவது காய்ந்த கற்றாழைச் சாற்றை, முட்டை வெண்கருவில் குழைத்துப் போடுவதும் இங்கே ஆகாது. காய்ந்தால் இறுக்கும், உரிக்கும்போது இமைத்தோலும் சேர்ந்து வரும். தாய்ப்பால், பன்னீர், வெங்காயச்சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். மாமியாரிடம் பற்றைக் குறை சொல்லி வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். "கண் டாக்டர் பார்க்கும்வரை எதுவும் போடக் கூடாதாம் அத்தை" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி, அந்த ஆவிச்சூட்டைக் கண்ணில் ஒற்றும் வைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. சூடு மிகக் குறைவு என்பதால் அதனால் வெந்துவிடாது. ஆனால் ஒற்றுகிற கை அழுத்துகிறதே, அதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. விழிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக் களிம்பு எது என்று எழுதவில்லை. இரத்தக்கட்டு என்று கேட்டால் பெரும்பாலும் த்ராம்போபோப் கொடுப்பார்கள். அதில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோடு, தோலைச் சிவக்க வைத்து இரத்த ஓட்டத்தைத் தூண்டும் பென்சைல் நிகோட்டினேட்டும் இருக்கிறது. கைகால் தோலுக்கானது, கண்ணுக்குப் பக்கத்தில் கூடாது. தைலங்களும் வலிநீக்கி ஜெல்களும் அப்படியே. அதைவிட ஆபத்து, சீட்டில்லாமல் விற்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. முதல் நாள் சுகமாக இருக்கும். கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், கிருமி இருந்தால் வளர்த்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. விழி கிழிந்திருக்கும் சந்தேகம் இல்லை என்றால் குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நனைத்துப் பிழிந்த கைக்குட்டையில் சுற்றுங்கள். பட்டாணிப் பாக்கெட் ஃப்ரீசரில் இருந்தால் அது இன்னும் நல்லது, முகத்தின் வளைவுக்கு ஏற்ப வளையும். புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் படும்படி, பத்துப் பதினைந்து நிமிடம். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. ஐஸைத் தோலில் நேராக வைத்தால் தோல் புண்ணாகும். நேற்று மாலை அடிபட்டிருக்கிறது, எனவே நாளை மாலைவரை குளிர்தான். அதன் பிறகு, வீக்கம் நின்றுவிட்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒத்தடம் கொடுக்கலாம். தேங்கிய இரத்தம் சீக்கிரம் கரைய உதவும். இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கட்டும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மி.கி. என்பது பிள்ளைகளுக்கான கணக்கு. 40 கிலோ எடை இருந்தால் ஒரு 500 மி.கி. மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதும் கூடாது. இரத்தம் உறைவதையும் அது தடுக்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளைக் கண்ணுக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று தெரியும்வரை தள்ளிவையுங்கள்.

மருத்துவமனையில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். இன்று மாலை டியூஷன் தேர்வு இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இது பொதுவான பதில் என்பதால் உங்கள் மகனுக்குப் பொருந்தாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக.

நெற்றியில் அடிபட்டு, மறுநாள் இரண்டு கண்ணும் கறுத்து வீங்கினால் பெரும்பாலும் நெற்றியின் இரத்தம்தான் இறங்கியிருக்கும். தலைத்தோலுக்கு அடியில் உள்ள தளர்ந்த அடுக்கு இமைவரை தடையில்லாமல் நீள்கிறது. புருவத்தில் அதை நிறுத்த ஒன்றுமில்லை. ஆனால் பைக்கிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ பலமாக விழுந்தவருக்கு இரண்டு கண்ணையும் சுற்றி வட்டமாகக் கறுப்பு வந்தால், மண்டை ஓட்டின் அடித்தளம் உடைந்திருக்கலாம். மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் ஒழுகுவது, காதுக்குப் பின்னால் கறுப்பது, ஓயாத வாந்தி, தூங்கி வழிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஹெல்மெட் இல்லாமல் விழுந்து புருவத்தின் வெளி ஓரத்தில் அடிபட்டவர்களின் கண் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், பார்வை மட்டும் போயிருக்கும். அடியின் அதிர்வு எலும்பு வழியே பார்வை நரம்பைத் தாக்கியிருக்கும். மயக்கம் தெளிந்ததும் ஒவ்வொரு கண்ணாகக் கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கண் முன்னுக்குத் தள்ளி, கல்போல் இறுகி, வலி கூடிக்கொண்டே போய்ப் பார்வை குறைந்தால், விழிக்குப் பின்னால் இரத்தம் கட்டி நெரிக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை திரும்பாது. ஸ்கேனுக்காகக்கூடக் காத்திருக்காமல் இமையின் வெளி ஓரத்தை வெட்டி விடுவிப்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தடுக்காதீர்கள்.

அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் குளியலறையில் வழுக்கிக் கண் கறுத்தால், தெம்பாக எழுந்து காபி குடித்தாலும் தலைக்கு சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. அடியே படாமல் கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டினால் அது வேறு விசாரணை. காய்ச்சலோடு வந்தால் டெங்கு, தட்டணுக் குறைவு. சிறு குழந்தைக்கு இரு கண்ணிலும் காரணமின்றி வந்தால் இரத்தப் புற்று, சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பியில் தொடங்கும் ஒரு அரிய புற்று என்றெல்லாம் தேட வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் இருக்கும் கருவளையத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லி வருகிற பெண்கள் உண்டு. தட்டையான கதவு முதலில் இடிப்பது புருவத்தையும் மூக்கையும். அவை தப்பி, குழிக்குள் மட்டும் கறுத்திருந்தால் எங்களுக்கும் புரியும். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏறும், ஏ.ஆர். காப்பி என்று அவர்கள் சொல்லும் அந்தத் தாள் பின்னால் வழக்குக்கு உதவும், இப்போதே வழக்குப் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மீண்டும் உங்கள் மகனுக்கு. இன்று எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்னாலும், அடுத்த சில மாதங்களுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கண்முன் திடீரென்று கரும்புள்ளிகள், ஓரத்தில் நிழல் என்று எதையாவது சொன்னால் அன்றே திரும்பக் கூட்டிப்போங்கள். அடிபட்டுக் கிழிந்த விழித்திரை தாமதமாகவும் விலகும். விழியின் முன்னறையில் இரத்தம் இருந்தது என்று சொல்லியிருந்தால், அது கரைந்த பிறகு விழிக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் மூலை சேதமாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சேதம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் அளந்துகொண்டே வர வேண்டும், அவன் கல்லூரிக்குப் போன பிறகும்.

கிரிக்கெட்டை நிறுத்த வேண்டியதில்லை. வீக்கம் முழுக்க வற்றி, ஒவ்வொரு கண்ணாலும் முன்புபோல் பார்வை தெரிந்து, மருத்துவரும் சரி என்றால் ஆடட்டும். விளையாட்டுக்கென்று பாலிகார்பனேட் கண்ணாடி கிடைக்கிறது, பவர் இல்லாமலும் வாங்கலாம். வழக்கமான பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆடினால் பந்தோடு சில்லும் சேர்ந்து கண்ணுக்குள் போகும்.